தானா வர்ற கூட்டம்

இன்னா தம்பி, அப்படி எட்டி எட்டிப் பாக்குற? அந்தப் பெரிய லைட்டையா? அது ஹாக்கி கிரவுண்டு. இந்தப் பாலத்த எறங்கினா சோத்துக்கை பக்கம் கேட்டு வரும். பஸ்ஸு நவுந்தா தானே எறங்குறது! முன்னாடி எவனோ ரோட்டத் தோண்டி வெச்சிருக்கான். உனக்கும் அவசரம், எனக்கும் அவசரம், டிரைவருக்கு ஒண்டி அவசரமே கிடையாது. பாரு, எஞ்சினையே ஆப் பண்ணிட்டான்.

அந்தப் பைய கொஞ்சம் மடியில வெச்சிக்கோ. ஆங், இப்ப சரி. இந்தம்மா ஏன் ஆம்பளைங்க பக்கம் வந்து உக்காருதுன்னு பாக்காத. முன்னாடி மொத்த சீட்டையும் என் ஆளுங்களே புடிச்சிக்கினாளுங்க. தோ, கெக்கெக்கேன்னு சிரிக்குதுங்களே, அத்தினியும் எங்க புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு. மல்லிப்பூ வெச்சிக்கினு நடுவுல உக்காந்திருக்கிறவ சுலோச்சனா, என் எதிர் வூடு. ராயப்பேட்டையில மீட்டிங்கு. வேன் அனுப்புறேன்னான், அனுப்பல. அதான் லேடீஸ் ப்ரீ பஸ்ல ஏத்திக்கினு போறேன்.

என் பேரு தேசம்மா. நீ புளியந்தோப்புல எறங்கி யார வேணா கேளு, கூட்டம் வேணும்னா தேசக்காவப் பாருன்னுவாங்க. மாநாடா, ஊர்வலமா, கவுன்சிலர் பொறந்த நாளா, தண்ணி வரலன்னு மறியலா, எதுக்கு வேணும் சொல்லு. எப்ப கை தட்டணும், எப்ப கோஷம் போடணும், போலீஸ்காரன் வந்தா எப்ப எழுந்திரிக்கணும், எல்லாம் நான் பழக்கினது தான். இன்னிக்கி பாரு, ஒரு சத்தம் கொடுத்தேன், ஓடி வந்துட்டாளுங்க. வழக்கமா ஒருத்தி தலை சீவணும்பா, ஒருத்தி கொழந்தைக்கு ஜொரம்பா. இன்னிக்கி ஒருத்தியும் மூச்சு வுடல. "எந்த வழியா தேசக்கா பஸ்ஸு போவும்?"னு ஒண்டி கேட்டாளுங்க. நான் பழக்கின பழக்கம் அப்படி.

இன்னா கேட்ட? இந்த ஊர்ல ஹாக்கிய எல்லாம் எவன் பாக்குறான்னா? சரியாப் போச்சு. போன வெயில் காலத்துல ஒரு ஹாக்கி டீமு ஓனரும் இதே தான் கேட்டான். இவ்ளோ பெரிய ஊரு, ஒரு டீமுக்குச் சோறு போடாதான்னு. நான் இன்னா பண்ணுவேன் சொல்லு, அந்தக் கேள்வி என் தலையில வந்து விடிஞ்சுது.

எனக்கு ஒரே பொண்ணு தம்பி. மோனிஷா. அவங்கப்பா போய்ச் சேந்தப்ப இம்மாத்தூண்டு. ஸ்கூலு பீட்டி வாத்தியாரு கையில மட்டையக் கொடுத்தாரு, அப்புறம் பேடு கட்டி கோலியா நிக்க வெச்சாரு. கோலின்னா வலைக்கு முன்னாடி நிக்கிறது. கல்லு மாதிரி பந்து தம்பி அது! காலாலயும் நெஞ்சாலயும் தடுக்கும். நான் ஒரு வாட்டி பாத்துட்டு மூணு நாளு சோறு எறங்கல. பொட்டப் புள்ளைக்கு மூஞ்சில பட்டா இன்னா ஆவுறதுன்னு சண்ட போட்டேன். அதான் தலைக்கு இரும்பு கம்பி போட்ட குல்லா இருக்கேம்மான்னுச்சு.

அப்புறம் இந்த லீக் வந்துச்சு. கிரிக்கெட்டுக்கு வெக்கிறாங்களே, ஊருக்கு ஒரு டீமுன்னு, அது மாதிரி பொம்பள புள்ளைங்க ஹாக்கிக்கு. சென்னைக்கு ஒரு டீமு, மஞ்சக் கலரு. மோனிய எடுத்துக்கினாங்க. போஸ்டர்ல அது மூஞ்சி வந்துச்சு தம்பி, பெரம்பூர் பாலத்துக்குக் கீழ! நான் அங்கியே நின்னு அழுதேன். கோச்சம்மா என்னக் கூப்ட்டு, "இன்னும் ஒரு வருஷம் இதே டீம்ல ஆடட்டும்மா, ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலை கெடச்சுரும்"னாங்க. கவுர்மெண்டு வேலை! எங்க பிளாக்குல ஒருத்தர் வூட்டுல கூட கெடயாது. ஒரே ஒரு வருஷம். அது தான் வேணும் எங்களுக்கு.

மொதல் மேட்சு முடிஞ்சு வந்து அது சாப்புடல. இன்னாடின்னேன். "கூட்டமே இல்லம்மா. இப்படியே போனா அடுத்த வருஷம் டீம வேற ஊருக்கு மாத்திடுவாங்களாம்"னுச்சு. எனக்கு சிரிப்பு வந்துருச்சு. அட, இதுக்கா கண்ணக் கசக்குற? கூட்டம் தானேடி! உங்கம்மா இருக்கேன்னு சொன்னேன். அது பதறிப் போச்சு. "அம்மா, நீ எதுவும் பண்ணாத. வந்தா தானா வரட்டும்." தானா வர்றதுக்கு அது இன்னா மழையா? நான் எத்தினி மீட்டிங்கு பாத்திருக்கேன், தானா வந்த கூட்டம்னு ஒண்ணக் கண்ணால பாத்ததில்ல. கூப்ட்டா வருவான், கூப்புடலன்னா வூட்டுல படுத்துனு டிவி பாப்பான். அவ்ளோ தான் ஜனம்.

மறுநாளே போய் மேனேஜரப் பாத்தேன். ரகுநந்தன்னு பேரு, கண்ணாடி போட்ட புள்ள. கை ரெண்டையும் புடிச்சிக்கினாரு. "மேடம், கேலரி காலியா இருக்கிறது டிவியில தெரியுது. கேமராவுக்கு எதிர்ல இருக்கிறத ஒண்டி ரொப்பிக் குடுத்தீங்கன்னா போதும்"னாரு. ரொப்பினேன். ஆளுக்கொரு மஞ்சத் துண்டு, லெமன் சாதப் பொட்டலம், போய் உக்காருங்கடின்னேன்.

அங்க ஏற்கெனவே ஒரு பத்துப் பதினஞ்சு பெருசுங்க உக்காந்துனு இருந்துச்சுங்க. ரயில்வேலயும் பேங்க்லயும் ஆடி ரிட்டயர் ஆனதுங்களாம், அதுங்களாவே டிக்கெட்டு வாங்கிக்கினு தினம் வருமாம். ஒருத்தர் மழையே இல்லாத ஊர்ல கறுப்புக் குடை வேற வெச்சிருந்தாரு. சார், இது எங்க எடம், கொஞ்சம் ஓரமாப் போங்கன்னேன். "இது நாங்க வழக்கமா உக்கார்ற எடம்மா"ன்னாரு. நீங்க பத்து பேரு, நாங்க எத்தினி பேரு பாருங்கன்னேன். கம்முனு எழுந்து போய்ட்டாரு. அடுத்த மேட்சுக்கு அதுல பாதிப் பேரு வரல. பாத்தியா, நான் சொல்லல? தானா வர்ற கூட்டம் நிக்காது.

எங்க ஆளுங்க அன்னிக்கி அடிச்ச கூத்து இருக்கே! பந்து வலைக்குள்ள போனா கை தட்டுங்கன்னு தான் நான் சொல்லியிருந்தேன். எந்த வலைன்னு சொல்லல. வடநாட்டுப் பொண்ணு ஒருத்தி மோனி வலையில போட்டா பாரு, மொத்த கேலரியும் எழுந்து கை தட்டுது, விசில் அடிக்குது! மோனி திரும்பி அந்தக் கம்பி வழியா எங்களப் பாத்துச்சு. நான் அய்யோ உக்காருங்கடின்னு கத்துறேன், அதுக்குள்ள சுலோச்சனா பழக்க தோஷத்துல "எங்கள் மோனிஷா"ங்குறா, இவளுங்க "வாழ்க வாழ்க"ங்குறாளுங்க. எதிர் டீமுக்கு "ஒழிக" வேற. அம்பயரு வந்து மேனேஜரத் திட்டிட்டுப் போறாரு.

ஆனா போவப் போவ கத்துக்கினாளுங்க தம்பி. ஷார்ட் கார்னர்னா இன்னா, பச்ச அட்டைன்னா இன்னா, எல்லாம் சுலோச்சனாவுக்கு அத்துப்படி. ஒரு மேட்சுக்குப் பொட்டலம் வரல, நான் பயந்துட்டேன், ஓடிப் போயிருவாளுங்களோன்னு. ஒருத்தியும் நவுரல. என் மேல வெச்ச மரியாதை.

அப்புறம் தான் வந்துச்சு அந்தக் கடைசி மேட்சு. மே மாசம். ஓனரு ஊர்ல இருந்து நேர்ல வரான், கூட்டத்தப் பாத்து முடிவு பண்ணப் போறான், அடுத்த வருஷம் டீமு இங்கியா வேற ஊரான்னு. ரகுநந்தன் சாரு என் கிட்ட வந்து கெஞ்சுறாரு. "மேடம், எல்லாமே உங்க கையில தான்." எங்க ஏரியாவுல அப்ப லாரித் தண்ணி வந்து நாலு நாளாச்சு. அடி பம்புல காத்து தான் வருது. லாரி எப்ப வரும்னு தெரியாது, நடு மத்தியானம் வந்தாலும் வரும். குடத்த வுட்டுட்டு எவ வெளிய வருவா? கதவு கதவாத் தட்டுறேன், எல்லாரும் ஒரே பதில். "லாரி வந்துட்டா இன்னா பண்றது தேசக்கா?"

நீயே சொல்லு, நான் இன்னா பண்ணட்டும்? ஒரு பக்கம் என் பொண்ணு வேலை. ஒரு பக்கம் இவளுங்க குடம்.

ஒரு ரோசன வந்துச்சு. அந்த கிரவுண்டுல மேட்சுக்கு முன்னாடி தண்ணி அடிப்பாங்க தம்பி. நீ பாத்ததில்லையா? புல்லு மாதிரி இருக்கும், ஆனா புல்லு இல்ல, நீலக் கலர்ல ஒரு மாதிரி பாய். தண்ணி இல்லாம அதுல வுழுந்தா தேங்கா துருவுற மாதிரி தோல உரிச்சிடும். அதுக்குன்னு ஓரத்துல குழா வெச்சு, சர்ருன்னு மேல பீச்சி அடிப்பான். இந்த மதில் செவுத்துக்கு மேல தெரியும். மொதல் நாளு அதப் பாத்துட்டு இவளுங்க வாயில கைய வெச்சிக்கினாளுங்க. "அடிப்பாவி, இம்மாந் தண்ணிய தரைக்கா ஊத்துறான்?"னு. அது ஞாபகம் வந்துச்சு. வாட்ச்மேன் கிட்டப் பேசினேன். மேட்சு முடிஞ்சதும் பின்னாடி குழாயில புடிச்சிக்கோங்கன்னான். அவ்ளோ தான், சொல்ட்டேன். வாங்கடி, குடத்தோட வாங்க, மேட்சு பாருங்க, வரும்போது ஆளுக்கொரு குடம் எடுத்துனு வரலாம்னு.

வந்தாளுங்க தம்பி! அம்மாடி, எம்மாங் கூட்டம்! பக்கத்து பிளாக்கு, அதுக்குப் பக்கத்து பிளாக்கு எல்லாம் வந்துருச்சு. பச்ச, செவப்பு, ஊதான்னு கேலரி பூரா பிளாஸ்டிக் குடம். என் குடத்தயும் சுலோச்சனாவே எடுத்துனு வந்திருந்தா. ஓனரு மேல கண்ணாடி ரூம்ல நின்னு பாத்துட்டு, அப்படியே பூரிச்சுப் போனான்னு சொன்னாங்க. குடத்த அவன் மேளம்னு நெனச்சிருக்கான்.

தண்ணி அடிக்க ஆரம்பிச்சான். சர்ருன்னு மேல போவுது, வெயில்ல மின்னுது. எல்லாம் கம்முனு பாத்துனு இருந்துச்சுங்க. எவளோ ஒருத்தி, எவளுன்னு இன்னிக்கி வரைக்கும் தெரியல, பின்னாடில இருந்து கத்துனா. "அய்யய்யோ, இங்கியே காலி பண்றான்டி! மேட்சு முடியிறதுக்குள்ள தீந்துரும்!"

அவ்ளோ தான். கேலரியே எறங்கி ஓடுது. நான் நில்லுங்கடி நில்லுங்கடின்னு கத்துறேன், எவ காதுல வுழுவுது? நேரா அந்த நீலப் பாயில ஏறி, குடத்தத் தூக்கிப் புடிச்சிக்கினு தண்ணிக்கு நடுவுல நிக்கிறாளுங்க. தண்ணிய நிறுத்திட்டான். நிறுத்துனதும் இவளுங்களுக்கு இன்னா தெரியும்? நான் பழக்கினது தானே தெரியும்? நடுக்கோட்டுல வரிசையா உக்காந்து, குடத்த முன்னாடி கவுத்து வெச்சு, "வேண்டும் வேண்டும், தண்ணீர் வேண்டும்"! டிவியில லைவா ஓடுது தம்பி.

மோனி வந்துச்சு. அந்தப் பெரிய பேடெல்லாம் கட்டிக்கினு, தத்தித் தத்தி, கிரவுண்டு முழுக்க நடந்து என் கிட்ட வந்துச்சு. தலைக்குல்லாவக் கழட்டுச்சு. "அம்மா, எழுந்திரிக்கச் சொல்லும்மா. நீ சொன்னா கேப்பாங்க."

வாஸ்தவம். நான் ஒரு கை காட்டினா எழுந்திரிப்பாளுங்க. ஆனா எப்படிச் சொல்றது? தண்ணி தரேன்னு கூப்ட்டவ நானு. நாலு நாளா கொழந்தைக்குக் கால் கழுவத் தண்ணி இல்லாம வந்து உக்காந்திருக்காளுங்க. என் குடமும் அதுல ஒண்ணு. என் வூட்டுலயும் தண்ணி இல்ல தம்பி. மோனி நிக்குது. இவளுங்க என் மூஞ்சியப் பாக்குறாளுங்க. கைய இப்படி முந்தானைக்குள்ள சுருட்டி வெச்சிக்கினு நின்னேன்.

அது குல்லாவ மாட்டிக்கினு திரும்பிப் போயிருச்சு.

அப்புறம் போலீஸு வந்து, பேசி, பின்னாடி குழாயத் தொறந்து விட்டானுங்க. புடிச்சாளுங்க. வாயில வெச்சா கடல் தண்ணி மாதிரி உப்பு! அதுக்குத் தான் அத்தினியும். நேரமாயிருச்சு, மறுபடியும் தண்ணி அடிக்கல, காஞ்ச பாயிலயே ஆட வுட்டாங்க. மோனி ஒரு பந்துக்குச் சறுக்கி வுழுந்துச்சு. தொடையில இருந்து முட்டி வரைக்கும் தோல் உரிஞ்சு ரத்தம். அப்பவும் எழுந்து நின்னுச்சு என் பொண்ணு! தோத்துட்டாங்க. ஓனரு டீமத் தூக்கினு வடக்கப் போய்ட்டான், அங்க அவங்க ஊரு பொண்ணையே கோலிக்கு எடுத்துக்கினானாம். இந்த ஊருக்கு ஹாக்கி செட் ஆவாதுன்னு பேப்பர்ல பேட்டி குடுத்தான்.

என் மேல தப்பு சொல்லு பாக்கலாம். லாரி ஒழுங்கா வந்திருந்தா இவளுங்க குடம் எடுத்திருப்பாளுங்களா? அந்த வாட்ச்மேன் முன்னாடியே குழாயத் தொறந்திருந்தா? நான் கூட்டம் கூட்டினேன். கூட்டம் வேணும்னாங்க, கூட்டினேன். இன்னா பண்ணியிருக்கணும்ங்குற?

மோனி திட்டல. திட்டியிருந்தா தேவல. புண்ணுக்கு மருந்து போட வந்தேன், நானே போட்டுக்குறேன்னுச்சு. அன்னில இருந்து பேச்சே கம்மி. இப்ப ஒரு மருந்துக்கடையில பில்லு போடுது. சாப்ட்டியான்னா ஆங்குது, போய்ட்டு வரேன்னு சொல்லாமயே போவுது. பேடு, குல்லா எல்லாத்தயும் மூட்ட கட்டி பரண் மேல போட்டுருச்சு. போன வாரம் தற்செயலாப் பாக்குறேன், மூட்டையக் காணோம். வித்துருச்சு போல. வித்துட்டியாடின்னு கேக்கக் கூட எனக்குத் தைரியம் இல்ல தம்பி. ஊரையே கேள்வி கேக்குறவ நானு, என் பொண்ண ஒரு வார்த்த கேக்க முடியல. அது தூங்கும்போது அந்தத் தழும்பப் பாத்துனு உக்காந்திருப்பேன். வேற இன்னா பண்றது?

அப்பாடா, நவுருது பஸ்ஸு. இனிமே சல்லுனு போயிரும்.

இவ ஏன் எழுந்து வரா? ஏய் சுலோச்சனா, உக்காருடி, பிரேக் போட்டா வுழுவப் போற. இன்னாது? எறங்குறியா? இங்கியா? அடியே, மீட்டிங்கு ராயப்பேட்டடி! இது ஹாக்கி கிரவுண்டு ஸ்டாப்பு. ஏய், நீங்கல்லாம் எங்கடி கெளம்பிட்டீங்க? ஒக்காருங்கடி! யாரு? யாரு ஆடுது?

கேட்டியா தம்பி? கேட்டியா அவ சொன்னத?

மோனி ஆடுதாம். இன்னிக்கி ஏதோ ஆபீஸ் டீமுக்கு ஆள் எடுக்குற மேட்சாம். ரெண்டு மாசமா காலையில பிராக்டிஸுக்குப் போவுதாம். அந்த மூட்டைய அது விக்கல தம்பி, சுலோச்சனா வூட்டுல தான் இருந்திருக்கு. என் எதிர் வூட்டுல! "அம்மா கிட்ட ஒண்டி சொல்லாதீங்கக்கா, ஆளுங்கள இட்டாந்துரும்"னுச்சாம். "தப்பா நெனச்சுக்காத தேசக்கா, எங்களயும் அது கூப்புடல. நாங்களாத் தான் போறோம்"ங்குறா.

பாரு, ஓடுறாளுங்க பாரு. ஒருத்தி கூட திரும்பிப் பாக்கல. கேட்டுல நிக்கிறாரே, அந்தக் கறுப்புக் குடை, அதே பெருசு தான். சுலோச்சனாவுக்கு வணக்கம் போடுறாரு. அவரு கூட வந்திருக்காரு.

நானா? நான் எப்படி எறங்குறது? ராயப்பேட்டையில ஆளு எங்கன்னு போன் மேல போன் அடிக்கிறான். அது கெடக்கட்டும், அவனத் திட்டிட்டு வெச்சிருவேன். மோனி என்னைய வர வேணாம்னுச்சே தம்பி. பெத்தவ, எனக்கு ஒரு வார்த்த சொல்லலியே. கூப்புடாம ஒரு எடத்துக்கு எப்படிப் போறதுன்னு எனக்குத் தெரியலியே.

கெளம்பிட்டான் பாரு. நீ ஜன்னலோரம் தானே உக்காந்திருக்க, கொஞ்சம் எட்டிப் பாத்துச் சொல்லு கண்ணு. செவுத்துக்கு மேல தண்ணி தெரியுதா? அடிக்கிறாங்களா? நல்லாப் பாரு. அடிச்சா தான் அதுக்குக் காலு உரியாது.